விண்ணப்பக் கட்டுரையில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும்



வெளிநாட்டில் முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் விண்ணப்பிக்கும் பிள்ளைகள் நம் அறக்கட்டளையின் கல்விப் பிரிவைத் தேடி வரும் பருவம் இது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் அடுத்த ஆகஸ்ட், செப்டம்பரில் தொடங்கும் வகுப்புகளுக்குப் பல துறைகளில் டிசம்பர், ஜனவரியிலேயே கெடு முடிந்துவிடுகிறது. மதிப்பெண் பட்டியல், ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதம், ஆங்கிலத் தேர்வு முடிவு எல்லாம் தயாராகிவிடும். கடைசியில் இழுத்துக்கொண்டே போவது ‘ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்ப்பஸ்’ என்ற கட்டுரைதான். இதுவரை என்ன படித்தேன், இனி எதை ஆராய விரும்புகிறேன், அதற்கு ஏன் உங்கள் பல்கலைக்கழகம் என்பதை இரண்டு பக்கத்துக்குள் சொல்ல வேண்டும்.

கடந்த பருவத்தில் ஒரு மாணவர் தன் கட்டுரையைக் கொண்டுவந்தார். சிவில் இன்ஜினியரிங் முடித்தவர். மன்னார் வளைகுடாக் கரையில் ஊர். வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் வருடத்துக்கு வருடம் உப்புக் கரிப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை. கல்லூரியின் கடைசி ஆண்டில், ஊரிலுள்ள நாற்பது கிணறுகளில் மாதாமாதம் தண்ணீர் எடுத்து அளந்திருக்கிறார். கடல்நீர் எந்தப் பக்கமாக உள்ளே வருகிறது என்று வரைபடமே போட்டிருக்கிறார். நல்ல வேலை. ஆனால் கட்டுரையில் அந்த வேலை கண்ணிலேயே படவில்லை. முதல் பத்தியில் மட்டும் வாக்கியத்தின் நடுவே பதினேழு சொற்கள் பெரிய எழுத்தில் தொடங்கியிருந்தன. என் தந்தை, என் தாய், பல்கலைக்கழகம், பேராசிரியர், பொறியியல், ஆராய்ச்சி, கனவு, சமுதாயம் என்று அவர் எதையெல்லாம் உயர்வாக நினைக்கிறாரோ அத்தனைக்கும் தலையில் ஒரு பெரிய எழுத்து.

‘என் தந்தை’ என்று வந்த இடத்தில் பென்சிலால் சுழித்து, சின்ன எழுத்தாக மாற்றச் சொன்னோம். பிள்ளை தயங்கினார். “வாப்பாவைப் போய் எப்படி காக்கா சின்ன எழுத்துல எழுதுறது? மரியாதைக் குறைச்சலா இருக்காதா?” என்றார். வாப்பா இருபது வருடத்துக்கு மேலாகச் சவூதியில் லாரி ஓட்டிப் படிக்க வைத்தவர். அந்தக் கேள்வியை நாங்கள் சிரித்துத் தள்ளவில்லை. நம் பிள்ளைகள் செய்யும் பிழைகளில் பாதிக்குக் காரணம் அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவு கிடையாது. பிள்ளைகள் மதரஸாவில் ஓதும் அரபியிலும் கிடையாது. ஒரு சொல்லின் தலையெழுத்தை உயர்த்தி எழுதும் பழக்கமே நம் கைக்கு இல்லை. மரியாதையை நாம் ‘அவர்கள்’ என்றும் ‘ங்க’ என்றும் சொல்லின் வாலில் சேர்ப்போம். ஆங்கிலத்துக்குப் போனதும் அந்த மரியாதைக்கு ஓர் இடம் தேடுகிறோம், பெரிய எழுத்து கைக்கு வாகாகக் கிடைக்கிறது. போதாததற்கு நம் அலுவலகக் கடிதங்களும் கல்லூரிச் சான்றிதழ்களும் ‘விண்ணப்பதாரர்’, ‘முதல்வர்’, ‘நிறுவனம்’ என்று எல்லாவற்றையும் பெரிய எழுத்திலேயே அச்சிட்டுக் கண்ணைப் பழக்கிவிட்டன.

ஆங்கிலத்தில் பெரிய எழுத்து மரியாதைக்கான குறி அல்ல, பெயருக்கான குறி. அந்தப் பிள்ளையிடம் நாங்கள் சொன்னது இதுதான்: ‘நான்’ என்ற பொருள் தரும் ‘ஐ’ என்ற ஒற்றை எழுத்தை ஆங்கிலத்தில் எப்போதும் பெரிதாகத்தான் எழுத வேண்டும். எதிரில் இருப்பவரைக் குறிக்கும் ‘யூ’ என்ற சொல்லோ வாக்கியத்தின் நடுவே சின்ன எழுத்தில்தான் வரும். பெரிய எழுத்துதான் மரியாதை என்றால், ஆங்கிலேயர் தங்களுக்கு மட்டும் மரியாதை கொடுத்துக்கொண்டு நம்மை மட்டம் தட்டுகிறார்கள் என்றாகிவிடும். ஜெர்மன் மொழியில் இது தலைகீழ். அங்கே ‘நான்’ என்பது சின்ன எழுத்து, ‘தாங்கள்’ என்பது பெரிய எழுத்து. அதுமட்டுமல்ல, ஜெர்மனில் பெயர்ச்சொற்கள் எல்லாமே பெரிய எழுத்தில்தான் தொடங்கும், நாற்காலி உட்பட. ஜெர்மனிக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். ஜெர்மன் வகுப்புக்குப் போய்க்கொண்டே ஆங்கிலக் கட்டுரை எழுதும்போது இரண்டும் கலந்துவிடுகிறது. பல்கலைக்கழகம் ஜெர்மனியில் இருந்தாலும், ஆங்கிலக் கட்டுரைக்கு ஆங்கில வழக்கம்தான்.

ஆங்கிலமும் ஒரு காலத்தில் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. 1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியல் சட்டத்தின் மூலத்தைப் பார்த்தால் பெரும்பாலான பெயர்ச்சொற்கள் பெரிய எழுத்தில் தொடங்குவதைக் காணலாம். பிறகு அந்த வழக்கம் கைவிடப்பட்டது. பழைய பத்திரங்களைப் பார்த்து எழுதப் பழகியவர்களுக்கு அது இன்னும் கையோடு இருக்கிறது.

ஆகவே வாக்கியத்தின் நடுவில் ஒரு பெரிய எழுத்து வந்தால், படிப்பவர் மனம் ‘இது யாருடைய பெயர்?’ என்று ஒரு கணம் நிற்கும். பத்தியில் பதினேழு முறை நின்றால், நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. எந்தப் பேராசிரியரிடம் படிக்க விரும்புகிறோம், எந்த ஆய்வகம் என்ற உண்மையான பெயர்கள் கூட்டத்தில் காணாமல் போய்விடும். ஒரு பெரிய எழுத்து தவறியதற்காக இடம் மறுத்துவிடுவார்கள் என்று சொல்லிப் பயமுறுத்துவது எங்கள் நோக்கமல்ல, அப்படி நடப்பதுமில்லை. ஆனால் ஆராய்ச்சிக்கு வருகிறேன் என்று சொல்பவர் சின்ன விஷயத்தில் கவனமாக இருக்கிறாரா என்பதை வேறெங்கே பார்ப்பார்கள்?

இனி நடைமுறைக்கு வருவோம். உறவுமுறைச் சொற்களுக்கு முன்னால் ‘மை’, அதாவது ‘என்’, வந்தால் சின்ன எழுத்து. வாப்பா, உம்மா, காக்கா, மாமா எல்லாருக்கும் இதுதான். ‘ஃபாதர்’ என்பதையே பெயர் போல வைத்து, ‘ஃபாதர் அப்போது சொன்னார்’ என்று எழுதினால் மட்டும் பெரிய எழுத்து. பேராசிரியரும் இப்படித்தான். பெயருக்கு முன்னால் ஒட்டி ‘புரொஃபசர் இன்னார்’ என்று வந்தால் பெரியது. ‘எங்கள் பேராசிரியர்’, ‘துறைத் தலைவர்’ என்று பொதுவாகச் சொன்னால் சின்னது. எவ்வளவு பெரிய மேதையாக இருந்தாலும் சின்னதுதான்.

பல்கலைக்கழகத்தின் முழுப்பெயரை எழுதும்போது முக்கியச் சொற்கள் எல்லாம் பெரிய எழுத்தில் தொடங்கும். இடையில் வரும் ‘ஆஃப்’ மட்டும் சின்னது. அடுத்த வரியில் ‘அந்தப் பல்கலைக்கழகம்’ என்று சொன்னால் சின்ன எழுத்து. சில நிறுவனங்கள் தங்கள் பெயரில் வரும் ‘தி’ என்பதைக்கூடப் பெரிய எழுத்தில் எழுதும். ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகம் இதில் பிடிவாதமானது. தொப்பி, சட்டை போன்றவற்றில் போட்டுக்கொள்வதற்காக ‘தி’ என்ற அந்த ஒரு சொல்லுக்கே 2022இல் வணிகக் குறி உரிமை வாங்கிவிட்டது! அங்கே விண்ணப்பிப்பவர்கள் அவர்கள் எழுதுகிறபடியே எழுதிவிடுவது நல்லது.

பட்டங்களில்தான் அதிகம் தடுமாற்றம். ‘பேச்சலர்ஸ் டிகிரி’, ‘மாஸ்டர்ஸ் டிகிரி’ என்ற பொதுச் சொற்களுக்கு எல்லாக் கையேடுகளிலும் சின்ன எழுத்துதான். ‘மாஸ்டர் ஆஃப் சயின்ஸ்’ என்று பட்டத்தின் முழுப்பெயர் வந்தால் கையேடுகளே ஒத்துப்போவதில்லை. அமெரிக்கச் செய்தியாளர்கள் பின்பற்றும் ஏபி கையேடு பெரிய எழுத்து என்கிறது, புத்தகப் பதிப்பாளர்கள் பின்பற்றும் சிகாகோ கையேடு ஓடும் வாக்கியத்தில் சின்ன எழுத்து என்கிறது. எதை எடுத்தாலும் கட்டுரை முழுக்க ஒன்றையே வைத்துக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தில் பெரியது, இரண்டாம் பக்கத்தில் சின்னது என்றால்தான் குறை. பிஎச்டி என்ற சுருக்கத்தில் பி, டி இரண்டும் பெரியவை, நடுவிலிருக்கும் எச் சின்னது. இதை மூன்றும் பெரிதாகவோ மூன்றும் சின்னதாகவோ எழுதி வருபவர்கள் நிறைய.

பாடத்தின் பெயர் பெயர்தானே என்று பிள்ளைகள் கேட்பார்கள். இயற்பியல், வேதியியல், சிவில் இன்ஜினியரிங், கணினி அறிவியல் எல்லாம் அறிவுத் துறைகள். வாக்கியத்தில் அவை சின்ன எழுத்து. ஆங்கிலம், தமிழ், அரபி ஆகியவை மொழிகளின் பெயர்கள் என்பதால் எங்கு வந்தாலும் பெரிய எழுத்து. மதிப்பெண் பட்டியலில் உள்ளபடி ஒரு தாளின் தலைப்பை அப்படியே குறிப்பிட்டால், அது அந்தத் தாளின் பெயர், பெரிய எழுத்து வரும். ‘டிபார்ட்மென்ட் ஆஃப் கெமிஸ்ட்ரி’ என்ற அதிகாரப்பூர்வப் பெயருக்கும் அப்படியே.

சுருக்கங்களில் ஒரு பொறி இருக்கிறது. என்எல்பி என்று மூன்று பெரிய எழுத்துகளில் சுருக்குகிறோம் என்பதற்காக, ‘நேச்சுரல் லாங்குவேஜ் புராசஸிங்’ என்று விரித்து எழுதும்போதும் ஒவ்வொரு சொல்லையும் பெரிதாக்கிவிடுகிறார்கள். தேவையில்லை. அது ஒரு தொழில்நுட்பத்தைக் குறிக்கும் பொதுச்சொல்தான். ஆனால் ஜிஆர்இ, டோஃபல் போன்ற தேர்வுகள் பெயருள்ளவை என்பதால், விரித்தாலும் பெரிய எழுத்து வரும்.

‘அல்காரிதம்’ என்ற சொல்லைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொண்டுவரும் கணினி மாணவர்களிடம் ஒரு கதை சொல்வதுண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த கணித மேதை அல்-குவாரிஸ்மியின் பெயர் லத்தீனில் திரிந்து திரிந்துதான் இந்தச் சொல் பிறந்தது. அது மனிதரின் பெயராக இருந்தவரை பெரிய எழுத்துக்கு உரியது. ஒரு செய்முறைக்குப் பொதுச்சொல் ஆனதும் அந்த உரிமை போய்விட்டது. அவருடைய பெயரையே ஆங்கிலத்தில் எழுதினாலும், வாக்கியத்தின் நடுவில் ‘அல்’ சின்ன எழுத்தில் வரும், குவாரிஸ்மியின் முதல் எழுத்து பெரியது. இப்னு சீனா, இப்னு கல்தூன் போன்ற பெயர்களில் ‘இப்னு’ என்பதைப் பெரிய எழுத்தில் தொடங்குவதே வழக்கம்.

நம் மார்க்கம் சார்ந்த சொற்களில் பிழை எதிர்த்திசையில் நடக்கிறது. கைபேசியில் தட்டச்சு செய்து பழகி, இஸ்லாம், முஸ்லிம், குர்ஆன், ரமலான், பெருநாளைக் குறிக்கும் ‘ஈத்’ ஆகியவற்றைச் சின்ன எழுத்தில் விட்டுவிடுகிறார்கள். இவை அனைத்துக்கும் பெரிய எழுத்து வேண்டும். கிறிஸ்தவம், இந்து, பௌத்தம் என்பவற்றுக்கும் அதே விதிதான். பள்ளிவாசல், மதரஸா, இமாம் என்பவற்றுக்கான ஆங்கிலச் சொற்கள் பொதுச்சொற்கள். ஒரு குறிப்பிட்ட பள்ளிவாசலின் பெயரோடு சேர்ந்தால் ஒழிய அவை சின்ன எழுத்து.

ஊர், திசைப் பெயர்களுக்கு அந்த மாணவரின் கட்டுரையிலேயே உதாரணம் கிடைத்தது. மன்னார் வளைகுடா என்பது ஓர் இடத்தின் பெயர், அதனால் ‘கல்ஃப் ஆஃப் மன்னார்’ என்பதில் ‘கல்ஃப்’ பெரிய எழுத்து. வாப்பா வேலை பார்க்கும் ‘தி கல்ஃப்’ என்பதும் ஒரு வட்டாரத்தின் பெயர், அதுவும் பெரியது. ஆனால் ‘வளைகுடா ஒன்றின் கரையில் உள்ள எந்த ஊரிலும் இது நடக்கலாம்’ என்று எழுதிய வரியில் அதே ‘கல்ஃப்’ சின்ன எழுத்தாகிவிடும். தென்னிந்தியா என்ற வட்டாரத்துக்குப் பெரிய ‘சவுத்’, சென்னைக்குத் தெற்கே என்று திசை சொன்னால் சின்ன ‘சவுத்’. மாதமும் கிழமையும் பெரிய எழுத்து, பருவங்கள் சின்ன எழுத்து. விண்ணப்பப் படிவத்தில் இலையுதிர்ப் பருவச் சேர்க்கையை ‘ஃபால்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அது படிவத்தின் தலைப்பு. கட்டுரையின் வாக்கியத்துக்குள் சின்ன எழுத்தே போதும்.

இதுவரை சொன்னவை எல்லாம் நடை பற்றியவை. அறிவியல் மாணவர்களுக்கு இதைவிடத் தீவிரமான ஓர் இடம் உண்டு. அங்கே எழுத்து மாறினால் பொருளே மாறிவிடும்.

தண்ணீரில் உப்பு கூடக் கூட மின்சாரம் அதில் எளிதாகப் பாயும். அந்தக் கடத்துதிறனை ஒரு சென்டிமீட்டருக்கு இத்தனை மில்லிசீமென்ஸ் என்று அளப்பார்கள். அதன் குறியீடு சின்ன எம், பெரிய எஸ். வெர்னர் ஃபான் சீமென்ஸ் என்ற ஜெர்மானியரின் பெயரால் வந்தது என்பதால் அந்த எஸ் பெரிது. நம் மாணவர் இரண்டையும் சின்னதாக எழுதியிருந்தார். இரண்டும் சின்னது என்றால் அது மில்லிசெகண்ட், நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நாற்பது கிணற்றுத் தண்ணீரின் உப்பை அவர் நேரத்தில் அளந்திருக்கிறார்! கனவுக்கும் சமுதாயத்துக்கும் பெரிய எழுத்து கொடுத்த பிள்ளை, அது கட்டாயம் தேவைப்பட்ட ஒரே இடத்தில் கொடுக்காமல் விட்டிருந்தார். நிலத்தடி நீர்த் துறைப் பேராசிரியர் ஒருவர் படிக்கும்போது கண் முதலில் போய் நிற்கும் இடம் அதுதான். நாங்களே அதை இரண்டாம் வாசிப்பில்தான் கண்டுபிடித்தோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதல் வாசிப்பில் வாப்பாவைப் பற்றிய விவாதத்திலேயே நேரம் போய்விட்டது.

மின்சாரத் துறையில் சின்ன எம்மோடு டபிள்யூ வந்தால் மில்லிவாட், பெரிய எம்மோடு வந்தால் மெகாவாட். இரண்டுக்கும் இடையே 100 கோடி மடங்கு வித்தியாசம். வேதியியலில் பெரிய சி, சின்ன ஓ என்றால் கோபால்ட் என்ற உலோகம், இரண்டும் பெரியது என்றால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு. அமிலத்தன்மையைக் குறிக்கும் பிஎச் அளவில் பி சின்னது, எச் பெரியது. உயிரியல் மாணவர்கள் ஓர் உயிரினத்தின் அறிவியல் பெயரை எழுதும்போது முதல் சொல் பெரிய எழுத்தில் தொடங்கும், இரண்டாவது சொல் எப்போதும் சின்னதில், இரண்டும் சாய்வெழுத்தில். மாமரத்தின் ‘மாங்கிஃபெரா இண்டிகா’ என்ற பெயரில் இரண்டாவது சொல் இந்தியாவைக் குறித்தாலும் அதற்கும் சின்ன எழுத்துதான். மனிதர் பெயரால் அமைந்த கோட்பாடுகளில் பெயருக்கு மட்டும் பெரிய எழுத்து. ‘ஓம்ஸ் லா’ என்பதில் ஓம் பெரியது, ‘லா’ சின்னது.

மென்பொருள்களை அவற்றை உருவாக்கியவர்கள் எழுதும் விதத்திலேயே எழுத வேண்டும். மேட்லாப் முழுக்கப் பெரிய எழுத்து. நிலத்தடி நீரோட்டத்தைக் கணக்கிட அமெரிக்க நிலவியல் ஆய்வு மையம் உருவாக்கிய மோட்ஃப்ளோவும் அப்படியே. பைத்தானுக்கு முதல் எழுத்து மட்டும். கிட்ஹப், ஜாவாஸ்கிரிப்ட் இரண்டிலும் நடுவில் இன்னொரு பெரிய எழுத்து வரும். வருடக்கணக்கில் பயன்படுத்தினேன் என்று சொல்லிவிட்டுப் பெயரைத் தவறாக எழுதினால், படிப்பவருக்குச் சந்தேகம் வராதா?

கணினியை முழுக்க நம்பிவிட முடியாது. வேர்டில் எழுதும்போது, ஒரு சுருக்கத்துக்குப் பின் புள்ளி வைத்தால் வாக்கியம் முடிந்துவிட்டதாக நினைத்து அடுத்த சொல்லை அதுவாகவே பெரிதாக்கிவிடுவதுண்டு. பிரவுசிங் சென்டரில் கேப்ஸ் லாக்கைப் போட்டு முழுக் கட்டுரையையும் பெரிய எழுத்திலேயே அடித்துக் கொடுத்ததையும் பார்த்திருக்கிறோம். அப்படி ஆகியிருந்தால் மறுபடி அடிக்க வேண்டாம். வேர்டில் அந்தப் பகுதியைத் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட் விசையோடு எஃப்3 விசையை அழுத்தினால் மாறிக்கொடுக்கும். பெயர்களை மட்டும் பிறகு கையால் சரிசெய்ய வேண்டும். படிவத்தில் உங்கள் பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுதச் சொன்னால், எழுத்துக்கூட்டலும் வரிசையும் அதிலுள்ளபடி இருக்க வேண்டும் என்பதே பொருள். பாஸ்போர்ட்டில் எல்லாம் பெரிய எழுத்தில் அச்சாகியிருக்கிறது என்பதற்காக நீங்களும் அப்படி அடிக்க வேண்டியதில்லை, படிவமே கேட்டால் தவிர.

எல்லாம் முடிந்த பிறகு கட்டுரையைக் காகிதத்தில் அச்செடுத்து, பென்சிலோடு உட்காருங்கள். வாக்கியத்தின் தொடக்கத்தை விட்டுவிட்டு, நடுவில் வரும் ஒவ்வொரு பெரிய எழுத்தையும் சுழியுங்கள். ஒவ்வொன்றிலும் ‘இது எதன் பெயர்?’ என்று கேளுங்கள். ஒரு நபர், ஊர், நிறுவனம், மொழி, மதம், மென்பொருள் என்று பதில் வந்தால் இருக்கட்டும். ‘முக்கியமான விஷயம்’ என்பதுதான் பதில் என்றால் சின்னதாக்கிவிடுங்கள். ஆங்கிலம் தெரியாத பெற்றோர்கூட இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டு பிள்ளையின் பக்கத்தில் உட்காரலாம். எதன் பெயர் என்று விளக்கப் பிள்ளைக்குத் தெரிந்தால் போதும்.

அந்த மாணவரின் முதல் பத்தியில் பதினேழு இருந்தது நான்காகக் குறைந்தது. வாப்பா சின்ன எழுத்தில் வந்தார். ஆனால் அவர் என்ன வேலை செய்கிறார், விடுமுறையில் ஊருக்கு வந்தபோது மகனுடன் எந்தெந்தக் கிணற்றடிக்கு வாளி தூக்கிக்கொண்டு போனார் என்று இரண்டு வரி புதிதாகச் சேர்ந்தது. அது அவருடைய யோசனைதான், நாங்கள் சொல்லவில்லை. மூன்று இடங்களுக்கு விண்ணப்பித்தார், இரண்டில் மறுத்துவிட்டார்கள், ஒன்றில் அல்ஹம்துலில்லாஹ் இடம் கிடைத்தது. எழுத்தைத் திருத்தியதால்தான் கிடைத்தது என்று நாங்கள் சொல்லிக்கொள்ள மாட்டோம், நாற்பது கிணற்றில் தண்ணீர் இறைத்தவர் அவர்.

இந்த ஆண்டு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் கெடுவுக்கு மூன்று வாரம் முன்பாவது கட்டுரையை எடுத்து வாருங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு கல்விப் பிரிவில் இருவர் இருப்போம். பெண் பிள்ளைகளின் கட்டுரைகளைப் பார்க்க ஆசிரியை ஒருவரும் வருகிறார். அச்செடுத்த ஒரு பிரதியும் பென்டிரைவில் கோப்பும் வேண்டும். பென்சில் எங்களிடம் இருக்கிறது.